உபதேசியாரைப் பரீட்சித்தல்



"இத்தனை வருஷம் கோயிலுக்கு உழைத்தவரிடம் இனிக் கேள்வி என்ன?" என்று சிலர் முகம் கோணுகிறார்கள். சுவாமியார் இல்லாத ஊர்களில் ஞாயிறு தோறும் ஜெபம் சொல்லி, சாகக் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே. 2021-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அப்பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். ஆண், பெண் இருபாலாரையும் மேற்றிராணியாரே சடங்குமுறைப்படி நியமிக்கிறார். ஆழ்ந்த விசுவாசமும் வேதாகமப் பயிற்சியும் பங்கு வாழ்வில் ஈடுபாடும் அவர்களுக்கு வேண்டும்.

மெதடிஸ்டு சபையாரும் தங்கள் பிரசங்கிகளை விசாரித்தே அனுமதிக்கிறார்கள். 1746-ல் ஜான் வெஸ்லி கூட்டிய மாநாடு மூன்று கேள்விகளை வகுத்தது: இவரிடம் தேவ வரப்பிரசாதம் உண்டா? திறமை உண்டா? உழைப்பில் பலன் உண்டா? பிரிந்த சகோதரர் கேட்டதாயினும் நல்ல கேள்விகளே.

மூன்றாவதற்குப் பதில் மனுவில் இராது. காசிமேட்டில் அவரோடு வலை இழுப்பவரும், எண்ணூரில் அவரோடு வேலை செய்பவரும், அடுத்த வீட்டுக்காரியும் அறிவார்கள். வட்டிக்குக் கொடுத்து ஏழைகளை நெருக்குகிறவர் மந்திரங்களைத் தவறாமல் ஒப்பித்தாலும், பிள்ளைகள் அவரிடம் எதைக் கற்பார்கள்? மேடையில் நாக்குழறுகிறவரோ, வியாதியஸ்தரின் பக்கத்தில் ஒரு இரவு முழுதும் உட்கார்ந்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

விசாரிக்கும்போது உறவுக்காக மழுப்ப வேண்டாம். பழைய பகையையும் தீர்த்துக்கொள்ள வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நான் இதற்கு உபயோகிக்கக் கூடாது. ஆகையால் சொல்ல வேண்டியதை அறைவீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.