படமும் மெய்ம்மையும்

2023ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. ஜந்தர் மந்தரில் போராடிவந்த மல்யுத்த வீரர்கள் அன்று அக்கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகச் செல்ல முயன்றனர். காவல்துறையினர் அவர்களைத் தடுத்து வண்டியில் ஏற்றினர். வண்டியினுள் எடுக்கப்பட்ட தற்படம் ஒன்று விரைவில் நாடெங்கும் பரவியது. அதில் வினேஷ் போகாட்டும் சங்கீதா போகாட்டும் சிரித்த முகத்துடன் காணப்பட்டனர். அவர்களது போராட்டம் வெறும் நடிப்பே என்னும் ஏளனமும் அதனுடன் பரவியது.

வண்டி உண்மை, அதில் இருந்தோர் உண்மை, சிரிப்பு மட்டுமே பொய். முழுப்பொய்யைவிட இத்தகைய கலப்புப் பொய்யைக் கண்டறிவது கடினம்.

செய்தியின் மெய்ம்மையை ஆராயும் இதழாளர்கள் மூலப்படத்தைத் தேடினர். அது கிடைத்தது, அதில் அவ்விருவரும் சிரிக்கவில்லை. பரவிய படத்தில் இருவர் கன்னங்களிலும் குழி விழுந்திருந்தது. அவர்களுடைய பிற படங்களிலோ அக்குழிகள் இல்லை. பின்னர் மூலப்படத்தை முகம் மாற்றும் செயலி ஒன்றில் இட்டுச் சிரிப்பைச் சேர்த்தனர். பரவிய படத்தை ஒத்த படமே கிடைத்தது! பொய் என்று சொன்னதோடு நில்லாமல், அப்பொய் உருவான வழியையும் செய்து காட்டியதே இவ்வாய்வின் சிறப்பு.

மூலமே இல்லாத படமாயின் என் செய்வது? அதே மாதம் 22ஆம் நாள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் அருகே கரும்புகை எழுவதாக ஒரு படம் பரவியது. பங்குச்சந்தை சிறிது நேரம் சரிந்தது. அப்படத்தில் வேலியும் நடைபாதையும் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. ஆயினும் அதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. எந்நேரமும் மக்கள் நடமாடும் அவ்விடத்திலிருந்து, வேறு கோணத்தில் எடுத்த இரண்டாம் படம் ஒன்றேனும் வரவில்லை. ஆர்லிங்டன் தீயணைப்புத் துறையும் வெடிப்பு ஏதும் நிகழவில்லை என அறிவித்தது.

படத்திலுள்ள விரல்களை எண்ணிப் பார்ப்போர் இன்றும் உளர். கருவிகள் நாளும் திருந்திவருவதால் அவ்வழி நெடுநாள் உதவாது. மூலப்படத்தையும், அதே நிகழ்வின் பிற படங்களையும், அவ்விடத்துப் பொறுப்பாளரின் சொல்லையும் தேடச் சிறிது நேரம் செல்லும். அந்நேரத்தைச் செலவிட மனமின்றி, பென்டகன் படத்தை நம் நாட்டுத் தொலைக்காட்சியிலும் காட்டிவிட்டனர்.

அருஞ்சொற்பொருள்: தற்படம் – செல்ஃபி, இதழாளர் – பத்திரிகையாளர், மெய்ம்மை – உண்மைத்தன்மை.

வினா: மல்யுத்த வீரர்களின் படத்தை ஆராய்ந்த முறை பென்டகன் படத்திற்கு ஏன் பொருந்தாது? விளக்குக.