அச்சில் அடங்கிய ஜாகுவார்



"டிப்ளமோ படிக்கிற பையன், இன்னுமா பொம்மைக் கார் வச்சுக்கிட்டு இருக்கே?" பள்ளிப்பட்டில் என்னை இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களிடம் காரோடு வெர்னியர் காலிபரையும் சேர்த்து நீட்டுவேன். நாம் படிக்கும் வரைபடம், உலோகவியல், உற்பத்தி முறை ஆகிய மூன்று பாடங்களும் அந்தச் சிறு காருக்குள் இருக்கின்றன. அதை விளக்கவே இக்கட்டுரை.

எந்தக் கார்?

ஜாகுவார் டி-டைப். 1954-இல் வந்த இங்கிலாந்துப் பந்தயக் கார். பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. 1957-இல் முதல் நான்கு இடங்களும் இதற்கே! இதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் விமான வால் போல ஒரு துடுப்பு நிற்பது அதனால்தான்.

பந்தயக் கார் நமக்கு அந்நியமானதல்ல. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது.

முதல் பாடம்: அளவு

லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1957-இல் 'டிங்கி டாய்ஸ்' வரிசையில் டி-டைப்பை வெளியிட்டது. சென்னையில் பழைய பொருள் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது அதுதான். நீளம் சுமார் 87 மி.மீ. அசல் காரின் நீளம் சுமார் 3,910 மி.மீ. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 45 வரும்.

சேகரிப்பாளர்கள் இந்த அளவுக் கார்களைப் பொதுவாக '43-இல் ஒன்று' என்பார்கள். 'ஓ' அளவு பொம்மை ரயிலுக்கு இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று வைத்தார்கள், 304.8-ஐ 7-ஆல் வகுத்தால் 43.5. ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தத்தான் கார் வந்தது.

நீளம் 45-இல் ஒன்றானால் எடையும் அப்படியே குறையுமா? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். எடை கன அளவைப் பொறுத்தது. 45-ஐ மும்முறை பெருக்கினால் 91,125. அசல் காரை 900 கிலோ என்று வைத்துக்கொண்டால் மாதிரி வெறும் 10 கிராம்தான் இருக்க வேண்டும். தராசில் வைத்தாலோ 50 கிராமைத் தாண்டுகிறது! காரணம், மாதிரியின் சுவர் ஒன்றரை மி.மீ. தடிமன். அதை 45-ஆல் பெருக்கினால் இரண்டரை அங்குலத்துக்கு மேல் வரும். அவ்வளவு தடித்த தகட்டில் யாராவது பந்தயக் கார் செய்வார்களா? உருவத்தைச் சுருக்கலாம், உலோகத்தின் குணத்தைச் சுருக்க முடியாது.

இரண்டாம் பாடம்: உலோகம்

இந்த உலோகம் துத்தநாகக் கலவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்தது. ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தினால் கதவுக் கோடு வரை பதியும். ஆனால் துளி ஈயம் கலந்தாலும் வினைதான். பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகள் பல இப்படித்தான் அழிந்தன. "கொஞ்சம் பழைய காயலான் சரக்கையும் சேர்த்துப் போடு, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: அச்சு

இதுவே முக்கியமான பாடம். 1960-களின் பிற்பகுதியில் மெக்கானோ தன் பழைய அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவின் அட்டாம்கோ கம்பெனிக்கு விற்றது. அடித்தகட்டில் 'டிங்கி' என்ற பெயர் 'நிக்கி' என்று மாற்றப்பட்டு, 'நிக்கி டாய்ஸ்' பிறந்தது. டி-டைப்பின் வாரிசான ஈ-டைப் ஜாகுவாரும் அவற்றில் ஒன்று. இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

பெருமைதான். ஆனால் மாணவராகிய நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அச்சு நம்மிடம் வந்தது, அச்சு செதுக்கும் அறிவு கூடவே வந்ததா? சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு எஃகிலும் கீறல் விழும். பிரியும் கோட்டில் பிசிறு கிளம்பும். அந்த அச்சு தேய்ந்த பிறகு என்ன செய்வது?

எங்கள் பக்கம் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிகள் அதிகம். பல்சக்கரம் தேய்ந்தால், "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று தேய்ந்ததையே பட்டறையில் கொடுப்பதுண்டு. மணலில் தேய்ந்த பல்லே பதியும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். புதுச் சக்கரம் பிறக்கும்போதே தேய்ந்து பிறக்கிறது! பல்லை எண்ணி, அளந்து, படம் வரைந்து, சுருக்கத்தைக் கூட்டி மாதிரிக்கட்டை செய்பவனுக்குத்தான் அசல் சக்கரம் கிடைக்கும்.

இதற்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவை எஸ். கரிவரதன் வெளிநாட்டுக் காருக்காகக் காத்திருக்கவில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை இங்கேயே உருவாக்கினார். இளைஞர் பலர் குறைந்த செலவில் பந்தயத்திற்கு வர அது வழிவிட்டது. 1995-இல் அவர் மறைந்தார். கோவையின் 'கரி' பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, ஒரு மாதிரிக் கார் கைக்கு வந்தால் விலையை மட்டும் கேட்காதீர்கள். அளந்து பாருங்கள், எடை போடுங்கள், அச்சு எந்தக் கோட்டில் பிரிந்தது என்று தேடுங்கள். பிறகு அதை மூன்று கோணங்களில் வரைந்து பாருங்கள். அச்சை வாங்கினால் பொருள் வரும். அச்சைச் செதுக்கத் தெரிந்தால்தான் தொழில் வரும்.