தலையில் படும் அடியும் நடுவர் தீர்ப்பும்

விளையாட்டில் நடுவர் அளிக்கும் தீர்ப்புகளுள் பெரும்பாலானவை கோட்டைப் பற்றியவை. பந்து கோட்டைத் தாண்டிற்றா, கால் கோட்டை மிதித்ததா என்பன போன்றவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு புள்ளி போகும். சில வேளைகளில் ஒரு கோப்பையும் போகும். தலையில் அடிபட்டவர் தொடர்ந்து ஆடலாமா என்னும் தீர்ப்பு இவற்றினும் கடியது. ஆனால் அதுவும் வெற்றி தோல்வியோடு பிணைந்து கிடப்பதால், பூசலுக்கு இடமாகிவிடுகிறது.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கான்பெரா நகரில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுடன் இருபது ஓவர்ப் பந்தயம் ஒன்றை ஆடியது. கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கிற்று. மருத்துவ உதவியாளர் எவரும் களத்திற்கு வரவில்லை. அவர் தொடர்ந்து ஆடி, 44 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். உடைமாற்றும் அறையில் தலைசுற்றல் தெரிந்ததாக அணியினர் கூறினர். அவருக்கு மாற்றாகச் சுழற்பந்து வீச்சாளர் யுஸ்வேந்திர சாஹலைப் போட்டி நடுவர் டேவிட் பூன் அனுமதித்தார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் அங்கேயே ஆட்சேபித்தார். சாஹல் 25 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; இந்தியா 11 ஓட்டங்களில் வென்றது. (சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் தமது முதல் பன்னாட்டு இருபது ஓவர்ப் பந்தயத்தை ஆடியதும் அன்றுதான். நம்மவர் பலருக்கு அந்நாள் நினைவிலிருப்பது அதனால்தான்.)

ஜடேஜாவுக்குத் தொடையின் பின்தசையிலும் பிடிப்பு இருந்தமையால், தலையடி ஒரு சாக்கு என்று சிலர் ஐயுற்றனர். மாற்று ஆட்டக்காரர் அடிபட்டவரை ஒத்த திறனுடையவராயிருத்தல் வேண்டும், அவரால் அணிக்கு மிகையான ஆதாயம் விளைதல் கூடாது, போட்டி நடுவரின் முடிவே இறுதியானது என்பது 2019 ஆகஸ்டு முதல் பன்னாட்டுப் பந்தயங்களில் நடைமுறைக்கு வந்த விதி. அவ்விதிப்படி பூனின் தீர்ப்பு சரியே. பந்து பட்ட கணத்தில் எவரும் அவரைப் பரிசோதியாமையே குறை. அப்போதே பரிசோதித்திருந்தால் ஐயத்திற்கு இடமே இராது.

எனினும் அடிபட்டவர் சிறிது நேரம் நன்றாக ஆடினார் என்பது அவர் நலமாயிருந்தார் என்பதற்குச் சான்றாகாது. 2019-இல் லார்ட்ஸ் திடலில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் அடிபட்டு வெளியேறி, அன்றே மீண்டும் வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தோன்றின. காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மூளை, மண்டையோட்டினுள் ஒரு திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது. தலை திடீரென அதிரும்போதும் திரும்பும்போதும், மண்டையோடு நின்றுவிட்டாலும் மூளை உடனே நிற்பதில்லை. அதனால் நரம்பிழைகள் இழுபட்டு முறுக்குறுகின்றன. நரம்பணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உட்புகுகிறது. இச்சமநிலையை மீட்க அணுக்களுக்கு வழக்கத்தினும் மிகுதியான குளுக்கோஸ் தேவைப்படுகிறது. ஆனால் அதே வேளையில் மூளைக்குச் செல்லும் குருதியின் ஓட்டமோ குறைகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலை இது. இந்நிலையில் இரண்டாவது அடி பட்டால் அதனைத் தாங்கும் வலிமை மூளைக்கு இராது; இளம்பருவத்தினருக்கு, அரிதாகவேனும், உயிருக்கே ஆபத்தான மூளை வீக்கம் உண்டாகலாம்.

மூளை அதிர்வுற்றோருள் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. ஊடுகதிர்ப் படங்களிலும் பொதுவாக ஒன்றும் புலப்படுவதில்லை. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை அசைவதை அது தடுத்துவிடுவதில்லை.

இப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது அமெரிக்கக் கால்பந்தாட்டம். உடலோடு உடல் மோதும் அவ்வாட்டத்தில் மரணங்கள் மிகுந்தமையால், 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் கல்லூரி அணிகளின் பொறுப்பாளர்களை அழைத்துப் பேசினார். மறு ஆண்டே விதிகள் மாறின. கவசமணிந்த தலையையே ஆயுதமாக்கி மோதுவதை 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்தனர்.

ஆயினும் 2022 செப்டம்பர் 25 அன்று, மயாமி அணியின் டுவா டகோவைலோவா தலை தரையில் மோத விழுந்து, எழுந்து தள்ளாடினார். முதுகுவலியால் தள்ளாடினார் என்று முடிவு செய்து மீண்டும் ஆட அனுமதித்தனர். நான்கு நாட்களுக்குப் பின் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் தாக்குண்டு, தூக்குப் படுக்கையில் வெளியேறினார். அக்டோபரில் விதி திருத்தப்பட்டது: தலையடிக்குப் பின் நடை தள்ளாடினால், காரணம் எதுவென வாதியாமல், அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

கிரிக்கெட்டில் பூசல் ஓயவில்லை. 2025 ஜனவரி 31-இல் புணேயில் சிவம் துபேக்கு மாற்றாக வந்த ஹர்ஷித் ராணா இங்கிலாந்தின் 3 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது, இருவரும் ஒத்த திறனுடையவரல்லர் என்று ஜோஸ் பட்லர் முறையிட்டார். அவ்வாண்டின் நடுவில், மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை முன்கூட்டியே அளிக்க வேண்டும் என்றும், அதிர்வுற்றவர் குறைந்தது ஏழு நாட்கள் ஆடலாகாது என்றும் விதி வகுக்கப்பட்டது.

பள்ளித் திடலில் போட்டி நடுவரும் இல்லை, மருத்துவரும் இல்லை. போடிமெட்டு, பூப்பாறை, சின்னக்கானல் போன்ற மலைப்பகுதி ஊர்களில் சடுகுடு ஆடும் பிள்ளையின் தலை எதிராளியின் முழங்காலில் மோதினால், தீர்ப்பளிப்பவர் அங்குள்ள ஆசிரியரே. "எனக்கு ஒன்றுமில்லை, சார்" என்று பிள்ளை சொல்வதைச் சான்றாகக் கொள்ளலாகாது. நடை தள்ளாடுகிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறானா, கடைசிப் புள்ளியை எடுத்தவர் யாரென்று சொல்ல முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். ஐயம் ஒன்று எழுந்தாலும் அன்று ஆட்டம் இல்லை. மருத்துவர் இசைவின்றி மறுநாளும் இல்லை.

மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், கண்மணிகளின் அளவில் வேற்றுமை, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. கழுத்துவலி இருப்பின் கழுத்தை அசையாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. இரவில் பனிமூட்டம் வேறு. எனவே பொழுதிருக்கும்போதே புறப்படுதல் நன்று. அடிபட்ட நேரத்தையும், அப்போது கண்ட அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதி, உடன் செல்பவர் கையில் கொடுத்தனுப்புக.