தைராய்டு மிகைச் சுரப்பும் காமாப் படமும்

மனிதனின் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவினாற்போல் அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பி தைராய்டு ஆகும். வளர்ந்தவரிடம் இதன் எடை ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் வரையே இருக்கும். எனினும், உடலின் உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பவை இச்சிறு சுரப்பி விடுக்கும் ஹார்மோன்களே. இவை இரத்தத்தில் மிகுந்துவிட்டால் நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, உறக்கமின்மை, வெப்பத்தைத் தாங்க இயலாமை ஆகியவை தோன்றும்.

செகந்தராபாத்தைச் சார்ந்த திருமுல்கேரி போன்ற ஊர்களில், கோடைக்காலத்தில் ஒருவர் வெயில் தாங்கவில்லை என்றும், நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றும் களப்பணியாளரிடம் கூறுவாராயின், அதனை வெயிலின் கொடுமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நன்றாக உண்டும் உடல் இளைத்து வருகிறது, நீட்டிய விரல்கள் நடுங்குகின்றன என்னும் செய்திகளும் உடனிருந்தால், அவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

இந்நோயில் டி-3, டி-4 என்னும் தைராய்டு ஹார்மோன்கள் உயர்ந்தும், மூளையடிச் சுரப்பி விடுக்கும் டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோன் மிகத் தாழ்ந்தும் காணப்படும். இதனால் ஹார்மோன் மிகுந்துள்ளது என்பது உறுதியாகும். அது ஏன் மிகுந்தது என்பது இவ்வளவுகளால் மட்டும் விளங்குவதில்லை.

ஏரியின் கீழுள்ள வயலில் வெள்ளம் தேங்கினால், நீர்வரத்து மிகுந்ததா, கரை உடைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டிற்கும் பரிகாரம் வேறு. தைராய்டிலும் அவ்வாறே. சில நோய்களில் சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோனை உண்டாக்குகிறது. வேறு சிலவற்றில் சுரப்பி அழற்சியுற்று, முன்னரே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசிகிறது. முதல் வகையில் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து பயன்படும். இரண்டாம் வகையில் தடுப்பதற்கு மிகை உற்பத்தியே இல்லை. ஆகவே அம்மருந்தால் பயனில்லை, கேடும் நேரக்கூடும். கார்பிமசோல் போன்ற மருந்துகள் அரிதாக இரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டுவதே காமாப் படத்தின் பணி.

அயோடின் காட்டும் வழி

தைராய்டு ஹார்மோன்களை ஆக்குவதற்கு அயோடின் இன்றியமையாதது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. இரத்தத்தில் வரும் அயோடினைச் சுரப்பி கவர்ந்து சேர்த்துக்கொள்கிறது. கதிரியக்க அயோடினுக்கும் சாதாரண அயோடினுக்கும் வேதியியல் தன்மையில் வேற்றுமை இல்லாமையால், சுரப்பி இரண்டையும் ஒன்றுபோலவே ஏற்கிறது. முன்னது விடுக்கும் காமாக் கதிர்களைக் கழுத்திற்கு வெளியே கருவியால் அளக்கலாம்.

அயோடின்-131 என்னும் ஐசோடோப்பை 1938ஆம் ஆண்டில் லிவிங்குட், சீபோர்க் ஆகியோர் கண்டறிந்தனர். 1941ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர் தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கதிரியக்க அயோடினால் சிகிச்சை தொடங்கினார். கழுத்தின்மேல் வரிவரியாக நகர்ந்து படம் வரையும் கருவியை பெனடிக்ட் காசனும், அதன்பின் ஒரே வேளையில் முழுப்படத்தையும் பதிவு செய்யும் காமா காமிராவை ஹால் ஆங்கரும் 1950களில் அமைத்தனர்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. நாட்டிலேயே ஐசோடோப்புகளை ஆக்குவதற்கு அது வழி திறந்தது. 1961இல் டில்லியில் பாதுகாப்புத் துறையின் அணு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும், 1963இல் பம்பாயில் கதிர் மருத்துவ மையமும் அமைந்தன. ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் அணு மருத்துவத் துறை உள்ளது. ஆகவே திருமுல்கேரி நோயாளி இச்சோதனைக்காகத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

டெக்னீஷியத்தின் பயன்

இன்று இப்படத்திற்குப் பெரிதும் பயன்படுவது டெக்னீஷியம்-99எம் ஆகும். இதன் அரை ஆயுள் 6 மணி. அயோடின்-131இன் அரை ஆயுளோ 8 நாட்கள். விரைவில் அழிவதால் டெக்னீஷியம் நோயாளிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு குறைவு. ஆனால் அதே காரணத்தால் அதனைத் தொலைவிலிருந்து அனுப்பிவைத்துப் பல நாள் பயன்படுத்த இயலாது. 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். எனவே 66 மணி அரை ஆயுளுள்ள மாலிப்டினம்-99 மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது. அது சிதைந்து டெக்னீஷியத்தைத் தந்துகொண்டேயிருக்கும். வேண்டும்போது உப்புநீரால் பிரித்தெடுத்துக் கொள்ளலாம்.

டெக்னீஷிய உப்பு ஊசி வழியாக நரம்பில் செலுத்தப்படும். சுரப்பி அதனை அயோடினைப் போலக் கவர்கிறது. ஆனால் ஹார்மோனாக மாற்றுவதில்லை. ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பின் நோயாளியைப் படுக்க வைத்துக் காமிராவால் படம் எடுப்பர். ஊசி குத்தும் வலியன்றி வேறு துன்பம் இல்லை.

படத்தைப் படிக்கும் முறை

சுரப்பி முழுவதும் சீராகவும் மிகுதியாகவும் கதிரியக்கப் பொருளைக் கவர்ந்திருந்தால், அது பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய் ஆகும். ஒரே முடிச்சு மட்டும் மிகுதியாகக் கவர்ந்து, மற்றப் பகுதி மங்கியிருந்தால், அம்முடிச்சே தன்னிச்சையாகச் சுரக்கிறது எனலாம். பல இடங்களில் திட்டுத்திட்டாகத் தோன்றினால் பல முடிச்சுக் கழலை எனக் கருதலாம். சுரப்பியே ஏறத்தாழப் புலப்படாமற்போனால், அழற்சியால் ஏற்பட்ட கசிவு என்று ஐயுறவேண்டும்.

ஆயின் இக்கடைசி நிலைக்கு வேறு காரணங்களும் உண்டு. மிகுந்த அயோடின் உடலில் சேர்ந்திருந்தாலும், தைராய்டு ஹார்மோன் மாத்திரைகளை உட்கொண்டிருந்தாலும் சுரப்பி மங்கித் தோன்றும். ஆகவே படத்தை நோயாளியின் வரலாற்றோடும் இரத்தப் பரிசோதனையோடும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வர். கிரேவ்ஸ் நோயை அறிய எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனையும் இன்று உதவுகிறது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

1. பெண்களிடம் கருவுற்றிருக்கின்றனரா என்று தவறாது கேட்க வேண்டும். கருவுற்ற காலத்தில் இச்சோதனை தவிர்க்கப்படும். பாலூட்டும் தாய்மார் அதனை முன்கூட்டியே மருத்துவமனையில் தெரிவித்து, அங்குக் கூறப்படும் காலம்வரை தாய்ப்பால் தருவதை நிறுத்தி வைக்க வேண்டும்.

2. அண்மையில் சி.டி. ஸ்கேன், இருதயக் குழாய்ப் படம் ஆகியவற்றிற்காக அயோடின் கலந்த மருந்து செலுத்தப்பட்டதா, இருதயத் துடிப்புக்காக அமியோடரோன் உட்கொள்கின்றனரா என்பதைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். முதலாவது சில வாரங்களும், பின்னது சில மாதங்களும் படத்தை மாற்றக்கூடும்.

3. உட்கொள்ளும் எந்த மருந்தையும் மருத்துவர் கூறாமல் நிறுத்தச் சொல்லலாகாது.

4. கார்பிமசோல் உட்கொள்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் கண்டால், அம்மருந்தை மேலும் உட்கொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் சென்று வெள்ளணு எண்ணிக்கையைச் சோதிக்க வேண்டும் என்று முன்னரே எச்சரிக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

அரை ஆயுளை விளக்க ஆசிரியர்க்கு 64 நாணயங்கள் போதும். எல்லாவற்றையும் குலுக்கி மேசைமேல் கொட்டி, தலைப்புறம் விழுந்தவற்றை நீக்குக. எஞ்சியவற்றை மீண்டும் கொட்டுக. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதி நீங்கும். நான்காம் முறைக்குப் பின் நான்கு நாணயங்களளவில் எஞ்சும். ஒரு முறையை 6 மணி என்று கொண்டால், 24 மணி நேரத்தில் டெக்னீஷியம் பதினாறில் ஒரு பங்காகக் குறைவது விளங்கும். எந்த நாணயம் எப்போது நீங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது; ஆயினும் மொத்தத்தின் போக்கைக் கணிக்கலாம். அணுக்களின் சிதைவும் இவ்வியல்பினதே.

நோய் ஒன்றின் பெயரை அறிவதோடு காரணத்தையும் அறிந்தாலன்றிச் சிகிச்சை செம்மையாகாது. தைராய்டு மிகைச் சுரப்பில் அக்காரணத்தைச் சில நிமிடங்களில் புலப்படுத்த வல்லது காமாப் படம். அப்படம் பிழையின்றி அமைவதற்கு, களப்பணியாளர் முதல் நாளிலேயே கேட்டெழுதும் சில விவரங்கள் பெருந்துணை புரியும்.