தொட்டி மேல ஏறாமலே பார்க்கலாமா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் அழுதுகொண்டே பேசினார். அவர் வீட்டுக்காரர் ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டர். "மேல சிலாப்புல விரிசல் இருக்கான்னு ஏறிப் பாருங்கறாங்க. ஏணி பூராவும் துரு. போன வாரம் ஒரு படி கையோட வந்துருச்சு. எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க" என்றார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போது ஊக்குநர் அக்கா ஒருவர், "கல்யாண வீட்டுல மேல பறந்து படம் எடுக்குதே, அதை விட்டுப் பார்க்க முடியாதா?" என்று கேட்டார்.

முடியும். அதுதான் ட்ரோன். நாலு காற்றாடி, ஒரு பேட்டரி, ஒரு கேமரா. கீழே நிற்பவர் ரிமோட்டில் ஓட்டுவார். தொட்டியைச் சுற்றி வந்தால் விரிசல், சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிற இடம், மூடி திறந்து கிடப்பது எல்லாம் படத்தில் விழும். ஏணி தேவையில்லை.

மின்கம்பிக்கு இது இன்னும் உதவி. கம்பி இணைப்பு லூசானால் அந்த இடம் சூடாகும். நம் கண்ணுக்குத் தெரியாது. வெப்பம் காட்டும் கேமராவை ட்ரோனில் மாட்டினால் அந்த இடம் மட்டும் தனி நிறத்தில் தெரியும். அறுந்து விழுந்து ஆடு மாடு மிதிப்பதற்கு முன்னாலேயே சரி செய்யலாம். சோலார் பேனலில் பழுதைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். 2016-ல் வந்த கமுதி சோலார் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பேனல். அவ்வளவையும் ஆள் நடந்து பார்த்து மாளுமா?

படம் சாட்சியும் ஆகும். தேசிய நெடுஞ்சாலை வேலைகளை மாதாமாதம் ட்ரோனில் வீடியோ எடுக்க வேண்டும் என்று 2021-ல் நெடுஞ்சாலை ஆணையம் கட்டாயமாக்கியது. நம்ம கண்மாய்க் கரை வேலைக்கும் முன்னால ஒரு படம், பின்னால ஒரு படம் இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஆனால் ட்ரோன் வெளியேதான் பார்க்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதை இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வேறு சோதனை உண்டு. துருப்பிடிப்பதைப் பற்றி நம்ம காரைக்குடி சிக்ரியிலேயே ஆராய்ச்சி நடக்கிறது. பழுது பார்க்கவும் ஆள் ஏறித்தான் ஆக வேண்டும். எங்கே ஆபத்து என்று தெரிந்து, பெல்ட் கட்டிக்கொண்டு ஏறுவார், அவ்வளவுதான்.

பலர் கேட்டீர்கள், "ட்ரோன் தீதி திட்டத்துல நமக்கு ட்ரோன் கிடைக்குமாமே, அதை வச்சுப் பார்க்கலாமா?" 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த அந்தத் திட்டம் 15,000 மகளிர் குழுக்களுக்கானது. அந்த ட்ரோன் வயலுக்கு மருந்தும் உரமும் தெளிப்பதற்கு. அது வேற, இது வேற. கல்யாணப் போட்டோக்காரரைக் கூப்பிட்டு நாமே பறக்க விடவும் வேண்டாம். 2021 ட்ரோன் விதிப்படி ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், தொழிலாக ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாவது தேறிய, 18 முதல் 65 வயதுக்குள் உள்ள யாரும், பெண்களும்தான், பயிற்சி எடுத்து அந்தச் சான்றிதழ் வாங்கலாம்.

அந்த உறுப்பினருக்காகக் குழுவில் மனு எழுதியாச்சு. முதலில் புது ஏணி, அடுத்து ட்ரோன் படம், அதுவரை அவரை மேலே ஏற்றக் கூடாது. வருகிற கிராம சபையில் கொடுக்கிறோம். உங்கள் ஊர்த் தொட்டி ஏணி எப்படி இருக்கிறது என்று கீழே நின்றே பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சொல்லுங்கள்.