நோய் தணிந்தபின் மருந்தை நிறுத்தலாமா?

முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் உண்பவன் நான். ஓராண்டாக மூட்டுகளில் வீக்கமில்லை. "இனி மருந்தெதற்கு? கர்க்கடகக் கஞ்சி போதுமே!" என்பர் திருவனந்தபுரத்து நண்பர்.

நோய் தணிதல் வேறு; நீங்குதல் வேறு. உடலின் காப்புப்படையே மூட்டுச் சவ்வைத் தாக்குவது இந்நோய். மருந்து அப்படையை அடக்குமேயன்றி, அதன் பகையை மறக்கச் செய்யாது.

2021-இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வில், நோய் தணிந்தபின்னும் மருந்தைக் குறைக்காதவருள் 6 விழுக்காட்டினர்க்கே ஓராண்டில் நோய் மீண்டது. பாதியாகக் குறைத்தவருள் 25 விழுக்காட்டினர்க்கு மீண்டது. ஆயினும் குறைத்தோரில் நால்வருள் மூவர் நலமாயிருந்தனர் என்பதையும் எண்ணல் வேண்டும்.

தேர்வெழுதும் விரல்கள் ஒருமுறை கோணினால், மருந்தால் நிமிரா. ஆதலின் நானாக நிறுத்தேன். மருத்துவர் இசைந்தால் சிறிது சிறிதாகக் குறைப்பேன்; நோய் தலைகாட்டின் உடனே அவரிடம் செல்வேன்.