கொச்சிக்காய்த் தோட்டத்தில் உதவும் கண்ணாடி களப்பில் உதவாது

நிறக்குருடு உள்ளவர்களுக்கென்று விற்கும் வர்ணக் கண்ணாடியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எந்த வேலைக்கு என்றுதான் முதலில் கேட்பேன். கற்பிட்டிக் குடாநாட்டில் கொச்சிக்காய்த் தோட்டம் செய்கிறவருக்கும், இரவில் புத்தளம் களப்பில் வள்ளம் ஓட்டுகிறவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தோட்டக்காரருக்கு அது ஓரளவு கைகொடுக்கலாம். வள்ளக்காரருக்கு அதுவே ஆபத்தாக முடியலாம். கண்ணில் என்ன குறைந்திருக்கிறது, கண்ணாடி அதற்கு என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

விழித்திரையில் நிறத்தை அறியும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. நீளமான அலைகளுக்கு ஒன்று, நடுத்தர அலைகளுக்கு ஒன்று, குட்டையான அலைகளுக்கு ஒன்று. இவை அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. முதல் இரண்டு வகைக்கான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால், அதில் பிழை வந்தால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இந்தச் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. பெண்களில் அது சுமார் 0.5 சதவீதம்தான். அது தாய்வழிப் பாட்டனிடமிருந்து தாய் மூலமாகப் பேரனுக்கு வரலாம். தாய்க்குத் தன்னிடம் அது இருப்பதே பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு ஒரு வகைக் கூம்பு அறவே கிடையாது. கூடுதலானவர்களுக்கோ மூன்றும் உண்டு, ஆனால் ஒன்றின் உணர்திறன் நகர்ந்து பக்கத்துக் கூம்போடு அளவுக்கு மீறி ஒன்றிப்போயிருக்கும். கண்ணாடிக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதில் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கூம்பு மட்டுமே உள்ளவருக்கு எந்தக் கண்ணாடியாலும் மூன்றாவதை உண்டாக்க முடியாது.

கண்ணாடி ஒளியைக் கூட்டுவதில்லை. ஒரு பகுதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். சிவப்பும் பச்சையுமான வடிகட்டிகளைப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே யோசனை சொன்னார். 1971இல் ஒரு கண்ணில் மட்டும் போடும் சிவப்புத் தொடுவில்லை, எக்ஸ்-குரோம் என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. இன்று பிரபலமான என்குரோமா கண்ணாடி, இரண்டு கூம்புகளும் ஒன்றோடொன்று கலந்து குழம்பும் மஞ்சளை ஒட்டிய அலைப்பகுதியை வெட்டிவிடுகிறது. இதன் அடிப்படையை அறிய டொலர் செலவழிக்கத் தேவையில்லை. சிவப்பு செலோபேன் தாள் ஒன்றை ஒரு கண்ணுக்கு முன் பிடித்துக் கொச்சிக்காய்ச் செடியைப் பாருங்கள். இலை கறுத்துப்போகும், பழம் வெளிறித் துலங்கும். இரண்டும் பிரிந்து தெரிவது உண்மை. ஆனால் அது நிறத்தால் வந்த பிரிவல்ல, வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வால் வந்தது. தோட்டத்தில் வெயில் தாராளம்; தேடுவது என்ன என்பதும் முன்கூட்டியே தெரியும். எனவே பழம் பறிக்கிற வேலைக்கு இப்படியொரு உதவியை நான் குறை சொல்லமாட்டேன்.

கண்ணாடியைப் போட்டவுடன் கண்கலங்கும் ஆட்களின் வீடியோக்களைக் காட்டி, இதெல்லாம் பொய்யா என்று கேட்பார்கள். பொய்யல்ல, அவர்கள் கண்டது முன்பு காணாத வேறுபாடுதான். ஆனால் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் என்குரோமா கண்ணாடியைச் சோதித்து, அது நிறங்களின் தோற்றத்தை மாற்றினாலும் அணிந்தவரின் நிறப்பார்வையை இயல்பானவரின் பார்வைக்குக் கிட்டக் கொண்டுவரவில்லை என்றே கண்டார்கள். சில நிறங்கள் பிரியும்போது வேறு சில நிறங்கள் ஒன்றாகிவிடுவதும் உண்டு. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் பங்கேற்று 2020இல் வெளியான ஆய்வொன்றில், தொடர்ந்து அணிந்தவர்களிடம் சிவப்பு-பச்சை வேறுபாட்டுக்கான உணர்வு கண்ணாடியைக் கழற்றிய பிறகும் கூடியிருந்தது. மூளை பழகிக்கொள்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. இருந்தாலும், இருக்கிற சமிக்ஞையை மூளை கூர்மையாக வாசிப்பது வேறு, இல்லாத சமிக்ஞை உருவாவது வேறு. முதலாவது மகிழ்ச்சிக்குப் போதும்; உயிர் தங்கியிருக்கும் வேலைக்குப் போதாது.

கடலில் நிறம் என்பது கட்டளை. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி ஓடும் கலத்தின் இடது பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலது பக்கத்தில் பச்சை விளக்கும் எரிய வேண்டும். இருட்டில் சிவப்பு மட்டும் தெரிந்தால் எதிரே உள்ள கலம் நமக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் இடமிருந்து வலமாக. வெள்ளைக்கு மேல் பச்சை என்றால் இழுவை வலைப் படகு. வெள்ளைக்கு மேல் சிவப்பு என்றால் வேறு வலை போட்டிருக்கும் படகு. இந்த இடத்தில் சிவந்த கண்ணாடியைப் போட்டால், தோட்டத்தில் இலை கறுத்தது போலவே பச்சை விளக்கும் மங்கிவிடும். நீளலைக் கூம்பு இல்லாதவருக்குச் சிவப்பு விளக்கு ஏற்கெனவே தூரத்தில் தெரியாது; கண்ணாடி மிச்ச வெளிச்சத்தையும் குறைக்கும். கண்ணாடி போட்டு, நிறக்குருட்டைச் சோதிக்கும் இஷிஹாரா எண் அட்டைகளை வாசித்துவிட முடிகிறதே, பிறகென்ன என்பார்கள். அட்டை ஒரே வெளிச்சத்தில் அசையாமல் இருக்கிறது, கடல் அப்படியில்லை. கடலோடிகளின் மருத்துவச் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டலும் நிறம் திருத்தும் வில்லைகளுக்கு இடம் கொடுப்பதில்லை.

அப்படியானால் நிறக்குருடு உள்ளவருக்கு வேலையே இல்லையா? அது அடுத்த பிழை. மின் பொறியியலாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரைத் தமிழ்நாடு மின்வாரியம் நிறக்குருடு என்று ஒதுக்கியபோது, அவருக்குப் பொருத்தமான இடத்தில் பணி கொடுக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆளைத் திருத்துவதைவிட வேலையின் அமைப்பைத் திருத்துவது எளிது என்பதே என் கட்சி. இறால் பண்ணையில் தண்ணீரின் பி.எச். அளவை நிற அட்டையோடு ஒப்பிடாமல் எண் காட்டும் மீற்றரால் பார்க்கலாம். உப்பளத்துப் பாத்தி இளஞ்சிவப்பாகிறதா என்று பாராமல், உப்புச் செறிவை அளக்கும் போமே மானியை மிதக்கவிடலாம். அதில் சுமார் 25 பாகை காட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். மீன் வாங்கும்போது செவுளின் சிவப்பை நம்பாமல், கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, அழுத்திய சதை மேலெழுகிறதா, வாடை எப்படி என்று பார்க்கலாம். நமது கடற்பகுதியின் மிதவை முறையில் சிவப்பு தகரப்பேணி வடிவிலும் பச்சை கூம்பு வடிவிலும் இருக்கும். பகலில் வடிவத்தையே படிக்கலாம். இரவில் ஒரு விளக்கு நெருங்கி வரும்போது அதன் திசை மாறாமலே இருந்தால் மோதல் வரும் என்பது எந்த நிறத்துக்கும் பொருந்தும் விதி. அப்போதும் நிறம் தெரிந்த ஒருவர் கூட இருக்காமல் இரவுக் காவலை ஏற்கக்கூடாது.

எனவே ஒழுங்கு இதுதான். முதலில் கண் கிளினிக்கில் வகையையும் தீவிரத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். பிறவியில் இல்லாமல் புதிதாக, அதுவும் ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்கினால், அல்லது காசநோய்க்கு எதம்பியூட்டோல் மாத்திரை எடுக்கும் நாட்களில் மங்கினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது கண்ணாடிக் கடையில் தீரும் விஷயமல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதிலேயே சோதித்துவிட்டால், வர்ணம் மாற்றித் தீட்டியதற்கு அடி வாங்க மாட்டார்கள். தொழிலையும் யோசித்துத் தெரிவு செய்வார்கள். கண்ணாடிதான் வேண்டுமென்றால், திருப்பிக் கொடுக்க இடமிருக்கும் கடையில், பகல் வெளிச்சத்தில், உங்கள் வேலைப் பொருளை வைத்தே பார்த்து வாங்குங்கள். இருட்டிலும் வாகனத்திலும் வள்ளத்திலும் கழற்றிவையுங்கள். சோதனையில் தேறுவதற்காக மட்டும் அதைப் போடாதீர்கள்.